செவ்வாய்க்கிழமை வண்டி

ஆகஸ்ட்.
செய்லாந்தியாவில் மழை பெய்து நூறு நாளாகிறது.
உதடு வெடிக்கிறது, சுவர் வெடிக்கிறது,
என் காம்பும் வெடித்திருக்கிறது.
நனைத்த துண்டுகளைச் சன்னலில் தொங்கவிடுகிறான் வால்திர்,
அறையில் கொஞ்சம் ஈரம் இருக்கட்டுமென்று.
ஈரமா,
என் சட்டையைத் தொட்டுப் பார் என்றேன்.

முதல் இரண்டு நாள்
கெஞ்சியும் வரவில்லை.
செவிலி அழுத்திக் காட்டிய இடத்தில்
மஞ்சளாய் ஒரு சொட்டுச் சீம்பால்.
அதை விரலில் ஏந்தி
அவுரேலியாவின் நாக்கில் தடவினோம்,
கள்ளச் சரக்கு கைமாற்றுகிறவர்களைப் போல.

மூன்றாம் நாள் விடியலில்
மார் இரண்டும் கல்.
அக்குள்வரை கொதிப்பு.
வாய் வைத்தவள் மூச்சு முட்டினாள், தும்மினாள்,
என்னைப் பார்த்து
நியாயம் கேட்பதுபோல் அழுதாள்.
உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்துக்கொண்டே
நானும் அழுதேன்.
ஒருத்திக்கு எதற்கு இத்தனை.

கீழே மதுக்கடை வைத்திருக்கும் ஒசோரியோதான் சொன்னான்:
"ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் போடு."
எரியுதுன்னு சொல்லட்டுமா?
"பால்னு சொல்லு, போதும்."

வந்தார்கள்.
வாசலில் பூட்ஸ் காலோடு சார்ஜென்ட் எதில்சா.
கையில் கோடரி இல்லை, ஐஸ் பெட்டி.
காப்பித்தூள் வந்த கண்ணாடிக் குப்பிகள்,
கொதிநீரில் குளித்து எழுந்தவை.
முடியைக் கட்டு, வாயை மூடு,
முதல் சொட்டுகளை விட்டுவிடு,
தேதி எழுது, உறைய வை.
சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.
குழந்தையைக் கொஞ்சக்கூட இல்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

இரவு மூன்று மணி.
ஒரு மாரில் அவள் குடிக்க
மற்றது தானாய்ச் சொட்டுகிறது,
குப்பியின் அடியில் முதலில் சத்தம்,
பிறகு சத்தமில்லை.
மீனுக்கும் வேகவைத்த பீன்சுக்கும் நடுவில்
என்னை நானே அடுக்கி வைத்தேன்.
காலையில் ஐஸ் எடுக்கப் போன வால்திர்
கதவைத் திறந்தபடி நின்றுவிட்டான்.
"உன் பேரு எழுதியிருக்கு" என்றான்,
கல்லறையில் படித்ததுபோல.

ஐந்தாம் வாரம்
என் மகள் குடிக்கக் கற்றுக்கொண்டாள்.
மிச்சமே வைக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை காலை,
ஒரே குப்பி, அதில் இரண்டு விரற்கடை.
வெட்கத்தில் அதை மீனுக்குப் பின்னால் ஒளித்தேன்.
இல்லை என்றேன், இந்த வாரம் ஒன்றுமில்லை.
எதில்சா என் முகத்தைப் பார்த்தாள்,
குளிர்பெட்டியைப் பார்த்தாள்,
கையை விட்டு எடுத்தே விட்டாள்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"அங்க ஒருத்தி இருக்கா,
எழுநூறு கிராம்.
ஒரு வேளைக்கு ஒரு மில்லி.
இது அவளுக்கு ஒரு வாரம்."

அவள் போனதும்
ஏனோ எனக்குக் கோபம் வந்தது,
அந்த எழுநூறு கிராம்மேல் இல்லை,
அதைப் பெற்றவள்மேல்.
அவளுக்கு ஏன் வரவில்லையாம்?
பாத்திரம் கழுவினேன்.
மஞ்சள் சொட்டு ஞாபகம் வந்தது,
விரல் நுனியில்,
உதறிவிட்டால் காணாமல்போகிற அளவு.
குழாயை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

நேற்று மாலை புல்காட்டுப் பக்கம் புகை.
சைரன் அலற நிஜ வண்டி, பெரிய வண்டி,
தெருவைத் தாண்டிப் போயிற்று.
அவுரேலியா தூங்குகிறாள், பசியில்லை.
செவ்வாய்க்கிழமையும் இல்லை.
இந்தப் பைத்தியக்கார உடம்பு
அந்தச் சத்தத்தைக் கேட்டு,
கூசி, குறுகுறுத்து,
இரண்டு பக்கமும் பீறிட்டது.
வால்திர் விழுந்து விழுந்து சிரித்தான்.

எங்கோ காடு எரிந்துகொண்டிருந்தது.
நான் தலைத்துணியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
வயிற்றிலும் தரையிலும்
ஒழுக ஒழுக.